சிவப்புக் கயிறு

இருபத்தாறு வருடம் பின்கதவால் போய்வந்த கட்டிடத்துக்கு
இன்றைக்கு முன்கதவால் போனோம்.
கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது.
அதற்கு என்னைத் தெரியாது.

பூர்க்டோர்ஃபில் பனி கரைந்து தெருவெல்லாம் சேறு.
தவமலர் சப்பாத்தை மூன்று தரம் துடைத்தாள்.
மூன்றாவது தரம், அந்தத் தரையைத் துடைக்கப்போகும்
யாரோ ஒருத்திக்காக.

சௌக் அம்மையார் கோப்பியும் மூன்று தாள்களும் தந்தார்.

முதல் தாள்: இருக்கிற வீட்டிலேயே இருக்கலாம்.
காலை ஏழு மணிக்குத் தாதி வருவாள்,
காலுறை மாட்டி, குளிசை எண்ணி வைத்து
இருபது நிமிடத்தில் சைக்கிளில் போய்விடுவாள்.
"எங்களது மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை" என்றேன்.
அவர் தாளின் ஓரத்தில் ஏதோ குறித்தார்.

இரண்டாம் தாள்: முதியோர் குடியிருப்பு.
சொந்தத் திறப்பு, சொந்த அடுப்பு,
படி தடுக்காத குளியலறை,
சுவரில் தொங்கும் சிவப்புக் கயிறு.
விழுந்தால் இழுக்க வேண்டும்.
மீன் பொரிக்க விடுவார்களா என்று கேட்க நினைத்து
யன்னல் பெரிதா என்று மட்டும் கேட்டேன்.

மூன்றாவதை அவர் வாசிக்கத் தேவையில்லை.
அதன் வயிற்றுக்குள் தட்டுக் கழுவியவன் நான்.
எந்த மேசையிலிருந்து சூப் அப்படியே திரும்பும் என்று தெரியும்.
லூத்தி ஐயா பற்களைக் கடதாசியில் சுற்றித்
தட்டோடு அனுப்பிவிட்ட நாளில்
கழிவுத் தொட்டிக்குள் முழங்கை மட்டும் விட்டு
தேடி எடுத்தேன்.
மறுநாள் சமையலறை வாசலில் வந்து நின்று
கையைப் பிடித்துக் குலுக்கினார், பேச்சில்லாமல்.
யார் போய்விட்டார் என்பதைப்
பிள்ளைகளுக்கு அடுத்ததாய் அறிந்தவனும் நான்தான்.
ஒரு தட்டுக் குறையும். அவ்வளவுதான்.

"பராமரிப்பில் பன்னிரண்டு படிகள்" என்றார் அம்மையார்.
"உங்கள் மனைவிக்கு ஏழு.
உங்களுக்கு..." தாளைத் திருப்பிப் பார்த்தார்,
"பூச்சியம்."

பள்ளிக்கூடத்திலும் பூச்சியம் எடுத்தவனைத்
தனியாகத்தான் இருத்தினார்கள்.
ஏழுக்கு இரண்டாம் தட்டில் கட்டில் உண்டு.
பூச்சியம் பார்வையாளர் நேரத்தில் வரலாம்.

லொசானிலிருந்து மகள் தொலைபேசியில் அழுதாள்,
"எங்களிட்டையே வாங்கோவன் அப்பா."
இரண்டறை வீடு, இரண்டு வேலை, மூன்று பிள்ளைகள்.
வருகிறோம் என்று சொல்லவில்லை.
வரமாட்டோம் என்றும் சொல்லவில்லை.
ஓய்வூதியம் போதாவிட்டால் மேலதிகக் கொடுப்பனவு கேட்கலாமாம்,
அதற்கு இன்னும் நாலு தாள்.

பிறகு மாதிரி வீட்டைக் காட்டினார்கள்.
நான் குழாயைத் திறந்து மூடினேன்,
அலுமாரியைத் தட்டிப் பார்த்தேன்.
தவமலர் குளியலறைக்குள் போய்
கயிற்றை இழுத்தாள்.

சுவர் பேசியது: "எங்கே வலிக்கிறது?"
கை நடுக்கத்தில் பட்டுவிட்டது போலும் என்று
சௌக் அம்மையார் அவள் தோளைத் தடவினார்.
நடுங்குவது இடதுகை.
இழுத்தது வலதுகை.

செலாம் என்று பெயர் குத்திய பிள்ளை
மூச்சிரைக்க ஓடி வந்தாள், ஒரு கையில் மட்டும் கையுறை.
தவமலர் கைப்பையைத் துழாவி
அவளுக்கு ஒரு டொஃபி கொடுத்தாள்.

திரும்பி வரும்போது நாற்பத்தெட்டுப் படிகள்.
இரண்டாம் மாடியில் கீழ்வீட்டுக்காரர் வைத்த முக்காலியில்
அவள் இருந்தாள், நான் நின்றேன்.
ஒருவரும் தாள்களைப் பற்றிக் கதைக்கவில்லை.

இரவு இரண்டு மணிக்கு
"இஞ்சாருங்கோ" என்றாள் அறைக்குள்ளிருந்து.
சோபாவில் எழும்பி, கண்ணாடி தேடி,
பூட்டிக்கொண்ட முழங்காலை இரண்டு தரம் மடக்கி நிமிர்த்தி,
சுவர் பிடித்து, செருப்பில் தடக்கி,
விளக்கைப் போட்டேன்.

சுகமாய்த்தான் கிடந்தாள்.
நெஞ்சின்மேல் மணிக்கூடு.

"ஆறு நிமிசம்" என்றாள்.
"கயிறு நாலு."

பிறகு எனக்கு இடம்விடச் சுவர்ப்பக்கம் நகர்ந்தாள்.
அதற்கு இன்னுமொரு நிமிடம் பிடித்தது.