ஐந்துக்கு ஐந்தரை

வியாழன் இரவு பத்தேமுக்காலுக்குக்
கொழும்பிலிருந்து படிவம் வந்தது.
உங்கள் வேலையில் உங்களுக்குத் திருப்தியா?
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண் இடுக.
பெயர் தேவையில்லை,
கிளையை மட்டும் தெரிவுசெய்க.

யாழ்ப்பாணக் கிளையில் இரண்டு பேர்.
நான். மற்றது றொபின்சன்.
பெயர் தேவையில்லைதான்.

"ஐஞ்சு போடும்" என்றான் றொபின்சன்
திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.
"ஒருத்தரும் கேள்வி கேக்கமாட்டினம்."
அவனுக்குக் குருநகரில் பாதி எழும்பிய வீடு,
வங்கியில் முழுக் கடன்.

நான் மூன்றில் நின்றேன்.
மூன்று என்பது
கரண்ட் வந்து ஜெனரேற்றர் அடங்கிய பிறகும்
காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் ஜெனரேற்றர்.
கலியாணம் பேச வந்தவர்களிடம்
"கொம்பியூட்டரிலை வேலை" என்று சொல்லி
இரவு என்ற சொல்லை அம்மா விழுங்குவது.
ரொறன்ரோவில் மச்சாள் இதே வேலைக்கு
ஒரு கிழமையில் எடுப்பதை
நான் மூன்று மாதத்தில் எடுப்பது.

ஆனால் மாசியில் ஓர் இரவு.
நோர்வேயின் முதியோர் இல்லங்களுக்கான மென்பொருள்.
மருந்தளவுப் பெட்டியில்
அவர்கள் ஊர் வழக்கப்படி
புள்ளிக்குப் பதில் காற்புள்ளி வைத்து
ஒன்றரை என்று இட்டுப் பார்த்தேன்.
சேமித்தேன். திறந்தேன்.
பதினைந்து.

எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து
திரும்பவும் இட்டேன்.
பதினைந்து.
விரல்நுனி குளிர்ந்தது.
படிகளை ஒவ்வொன்றாக எழுதி, திரையைப் படம்பிடித்து ஒட்டி,
தீவிரம்: உச்சம் என்று அனுப்பினேன்.
இரண்டாம் நாள் பதில்:
சரி. மூடப்பட்டது.

அன்று விடியப் பலாலி வீதியில்
ஸ்கூட்டி என்னைக் கோண்டாவிலுக்குக் கொண்டுபோக
ஹெல்மெற்றுக்குள் நான் எதையோ முணுமுணுத்தபடி போனேன்.
அதற்கு எத்தனை போடுவது?

கருத்துக்கென்று கீழே ஒரு பெட்டி இருந்தது.
தமிழில் தட்டினேன்,
எழுத்தெல்லாம் கேள்விக்குறிகளாய் விழுந்தன.
அழித்தேன்.

பிறகு, பழக்கதோசம்.
எண் பெட்டியில் பூச்சியம் இட்டேன்: ஏற்கவில்லை.
மைனஸ் இரண்டு: ஏற்கவில்லை.
ஆறு.
பச்சை நிறத்தில் நன்றி சொன்னது.

"றொபின்சன், இஞ்சை ஓடி வாரும்!"
இந்தக் கந்தோரில் நான் சத்தம் போட்டது
அதுதான் முதல்தரம்.

உடனே அறிக்கை எழுதினேன்.
எதிர்பார்த்தது: ஐந்துக்கு மேல் மறுக்க வேண்டும்.
நடந்தது: மறுக்கவில்லை.
தீவிரம்: குறைவு.

இரண்டு கிழமை கழித்துச்
சிவப்பு றிபன் கட்டிய கேக் ஒன்று வந்தது.
எல்லாக் கிளைகளிலும் யாழ்ப்பாணம் முதலிடமாம்.
ஐந்துக்கு ஐந்தரை.
வீடியோ அழைப்பில் மனிதவளப் பிரிவின் முகமொன்று
கைதட்டிக் கேட்டது:
உங்கள் ரகசியம் என்ன?

றொபின்சன் என்னைப் பார்த்தான்.
நான் கத்தி தேடுகிறவள்போல
லாச்சியைத் திறந்தேன்.

கேக்கில் இனிப்புக் கூட.
மூன்று இரவு வைத்துத் தின்றோம்.
அறிக்கை இன்னும் திறந்தபடியே கிடக்கிறது,
நேற்றும் போய்ப் பார்த்தேன்.
பொறுப்பு: ஒருவருமில்லை.