எழுபது மூட்டை

களியக்காவிளையில் பஸ் இறங்கி
சோதனைச்சாவடி தாண்டாமல்
கோழி லாரிகள் நிற்கும் சந்துக்குள் திரும்பினால்
மரியநேசன் முதலாளியின் சிமெண்ட் கிட்டங்கி.
நான் போனது தவணை கேட்க.
படியில் ஏறும்போதே
மடித்துக் கட்டிய வேட்டியைக் கை
என்னைக் கேட்காமல் இறக்கிவிட்டது.

கூரை வார்த்த வகையில் எழுபது மூட்டை பாக்கி.
வாய் திறக்குமுன் அவர் ஒரு தாளை நீட்டினார்.
"எடே சோபி, நீ கப்பலுலதானே? இத வாசி."
இலக்குக்கு மேல் விற்றதற்குக் கம்பெனியின் பரிசு:
கொச்சியிலிருந்து மூன்று ராத்திரி, இரண்டு பேர்.

வாசித்தேன்.
மாலை ஆறுக்கு மேல் சாப்பாட்டு மண்டபத்தில்
அரைக்கால் சட்டை ஆகாது,
ரப்பர் செருப்பு ஆகாது,
கையில்லாத பனியன் ஆகாது.
இரண்டாம் இரவு கோட்டு.

"அவன் சோறு போடுதானா, பெண்ணு பாக்க வாறானா?"

"சாரம்?"
"அறைக்குள்ள உடுக்கலாம் முதலாளி."
"அறை எத்தன அடி?"
"பத்துக்குப் பதினாறு."
"அப்ப அதுக்குள்ள மட்டும் நான் மனுசன்."

வேட்டிக்குத் தடையில்லை என்றேன்,
கரை வைத்தது, கணுக்கால் வரை.
மடித்துக் கட்டினால்
நான் பக்கத்தில் வரவேண்டிவரும்.

புஷ்பலீலா அக்கா பேரேட்டிலிருந்து தலை எடுக்காமல் கேட்டார்,
நைட்டிக்கு மேல் துண்டு போட்டு வராந்தாவில் நடக்கலாமா என்று.
வேண்டாம் அக்கா.
"இங்க பால் வாங்கப் போறேனே?"
அங்கே பால் கதவைத் தட்டும்.
வறுத்த நெத்திலி?
அதுவும் வேண்டாம்.
நீச்சல்குளத்து நாற்காலியில் துண்டு போட்டு இடம் பிடித்தால்
நாற்பது நிமிடத்தில் எடுத்துவிடுவோம்.
"நாரோயில் பஸ்ஸுல அந்தத் துண்டத் தொட்டா
கொல விழும்" என்றான்
மூட்டை இறக்கிக்கொண்டிருந்த சிலுவைதாசன்.

ஆறு வருடம் அந்த வாசலில் நின்றவன் நான்.
முகத்துக்கு முன்னால் காலைப் பார்ப்பேன்.
பெட்டி தொலைந்துபோன ஒருவரை
மூன்று இரவும் திருப்பி அனுப்பியிருக்கிறேன்,
சிரித்தபடி, தலை சாய்த்து.
நாலாம் நாள் இறங்கும்போது
என் கையில் ஒரு நோட்டை வைத்துவிட்டுப் போனார்.
எந்த நாட்டு நோட்டென்று தெரியவில்லை.
இன்னும் மாற்றவில்லை.

"செரி, நான் அரைக்கால் சட்டையில வந்தா
என்ன சொல்லுவ? சொல்லிக் காணி."
வேண்டாம் முதலாளி.
"சொல்லுல."
எழுந்தார்.
வேட்டியை முட்டுக்கு மேல் தூக்கிக் கட்டி
மூட்டை அடுக்குகளுக்கு நடுவே
கையை வீசி வந்தார்,
ஒவ்வொரு எட்டுக்கும் புழுதி கிளம்ப.

என் முதுகு தானாக நிமிர்ந்தது.
இரண்டு கையும் பின்னால் போயின.
"மாலை வணக்கம் ஐயா.
அறைக்குப் போய் உடை மாற்றி வந்தால்
உங்கள் மேசை காத்திருக்கும்."

அந்த வாக்கியத்தை
ஒருநாளும் தமிழில் சொன்னதில்லை.
தமிழில் அது
அடித்ததுபோலக் கேட்டது.

சுமட்டுக்காரர்கள் நின்றுவிட்டார்கள்.
அக்காவின் பேனா நின்றது.
முதலாளி என்னைப் பார்த்தார்,
சிமெண்ட் படிந்த தன் முட்டைப் பார்த்தார்,
பிறகு மெல்ல
வேட்டியை இறக்கிவிட்டார்.

கொஞ்ச நேரம்
இரண்டு பேரும் கணுக்கால் வரை மூடிக்கொண்டு நின்றோம்.

"நல்லாத்தான் சொல்லுத" என்றார்.
"கோட்டு வாடகைக்கு எங்க கிட்டும்?"
பாறசாலையில் கல்யாணக் கடை ஒன்று சொன்னேன்.
தோள் அளவு எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.
தவணையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும்.

சந்துக்கு வந்ததும் மூச்சு வந்தது.
கோழித்தூவல் பறந்தது.
குனிந்து வேட்டியின் விளிம்பைப் பிடித்து
பாதி தூக்கியிருப்பேன்.

"எடே சோபி!
எழுபது மூட்ட?"

கை விட்டுவிட்டது.