கோப்பு கிடைக்கவில்லை

கீழமுந்தலில் ஆலை இன்னும் முளைக்கவில்லை.
உவர்க்காட்டில் நாலு சுண்ணாம்புக் கோடுகள்,
ஒரு கண்டெய்னர் அறை.
கச்சான் அடித்தால் அதன் தகரம் தானாகப் பேசும்.
என் கணினியிலோ
போன மாசியிலேயே கட்டி முடித்தாயிற்று:
பதினோராயிரம் குழாய்த் துண்டுகள்,
ஒவ்வொன்றுக்கும் பெயர், தடிமன்,
உள்ளே ஓடுவது என்ன,
எந்த போல்ட்டை எத்தனை முறுக்கு என்பது வரை.

நாளை ஊர்க்கூட்டம்.
"வரைபடம் யாருக்கும்மா புரியும்,
நடந்து பார்க்கிற மாதிரி கொடு" என்றார் பிரிட்டோ சார்.
பெயர்க்கிறேன்,
வடிவமைக்கும் மென்பொருளிலிருந்து
காட்டும் மென்பொருளுக்கு.

முதல் முயற்சியில்
மில்லிமீட்டரை மீட்டர் என்று வாசித்துவிட்டது.
ஆலை விழுப்புரம் வரை நீண்டது.
கைப்பிடிக் கம்பி ஒரு கிலோமீட்டர் உயரம்.

அடுத்ததில் வால்வுகள் ஒழுங்காக வந்தன.
அவற்றின் சக்கரங்கள் மட்டும்
பூஜ்ஜியப் புள்ளியில் ஒன்றன்மேல் ஒன்றாக,
கொடை நாளில் கோயில் வாசல் செருப்பு.

மூன்றாவதில் சரி.
வட்டக் குழாய்கள் பன்னிரண்டு பட்டையாயின,
தூரத்திலிருந்து யார் எண்ணப்போகிறார்கள்.
எடை குறைய வேண்டுமே:
பெயர்களைக் கழற்றினேன்,
அழுத்தத்தைக் கழற்றினேன்,
உள்ளே ஓடுவது என்ன என்ற கட்டத்தையும் கழற்றினேன்.
தரைக்குப் புல்.
இங்கே சீமைக்கருவேலத்துக்கே மூச்சு வாங்கும்,
மென்பொருளோடு வந்த புல் அது.
கடலுக்கு ஒரு தட்டை நீலப் பலகை,
அலை அசைய ஒரு டிக்.

இரவு இரண்டேகால். முடிந்தது என்றது.
கீழே மஞ்சளில் நாலு எச்சரிக்கை.
மஞ்சள்தானே.

புயல் காப்பகத்துச் சுவரில் ஆலை எழுந்தது.
எல்லோரும் உள்ளே நடந்தார்கள்,
அதாவது நான் மவுஸை நகர்த்தினேன்.
ஏணியில் ஏறும்போது ஒரு பையன்
முன் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.
வடிகட்டும் அறை, பம்புகள், தொட்டி.
"எங்க தெருக் குழாய்ல வருமா?" என்றது ஒரு குரல்.
பிரிட்டோ சார் வரும் என்றார்.

சேதுராக்கு எழுந்தாள்.
பாசி எடுத்துவிட்டு நேராக வந்தவள்,
விரல்களில் சுற்றிய துணி இன்னும் காயவில்லை.
"அந்தக் கடைசிக் குழாயப் பிடி.
இல்ல, அதுக்குத் தெக்க.
ஆமா, சாம்பக் கலரு. அதுகூடவே போ."

போனேன்.
மதிலைத் தாண்டி, மணலைத் தாண்டி,
நீலப் பலகையின் ஓரத்தில்
குழாய் நின்றுவிட்டது.
வெட்டிய முனை.
எட்டிப் பார்த்தால் அந்தப் பக்கம் சுவரின் விரிசல்.

"மிச்சம் எங்க?"

மாடல் இவ்வளவுதான் என்று வாயெடுத்தேன்.
"தண்ணிய நல்லதாக்கிட்டு
உப்ப எங்க கொட்டுவீக?
நல்லதண்ணித் தீவுக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?
இந்தப் பக்கம்னா அது பாரு. நாங்க முங்குற எடம்."

கடல் தரையின் பாறைக்கு அவர்கள் சொல் அது.
பார்.
என் எந்த அடுக்கிலும் அப்படி ஒரு பெயர் இல்லை.

கண்டெய்னரில் பதிவைத் திறந்தேன்.
மஞ்சள் நாலில் மூன்றாவது:
கழிவுநீர்க் குழாய், கடற்பகுதி.
இணைப்புக் கோப்பு கிடைக்கவில்லை.
தவிர்த்துவிட்டுத் தொடர்கிறது.

தொடர்ந்திருக்கிறது.
நானும்தான்.
எழுநூற்று நாற்பது மீட்டர்.

கோப்பு வேறொரு வட்டில் கிடந்தது. சேர்த்தேன்.
குழாய் பலகைக்குள் இறங்கிப் போனது,
நுனியில் ஆறு சின்ன வாய்கள்.
பாருக்கு எவ்வளவு தூரம்?
அளக்கும் கருவியை எடுத்து
ஒரு முனையைக் குழாயில் சொடுக்கினேன்.
மறுமுனையைச் சொடுக்க நீலம் மட்டும்.

வருகைத் தாளில் அவள் எண் இருந்தது,
ஒன்பதா நான்கா தெரியாத ஓர் எழுத்தோடு.
நான்கு என்று போட்டதில் எடுத்தாள்.
பின்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.
"வெள்ளன நீர் வத்தும், ஆறரைக்கு வா.
செருப்புப் போட்டுக்கிட்டு எறங்கு,
பாரு காலக் கிழிச்சிரும்."