துப்பும் வாளி

நானூறு பெட்டி மூலிகைச் சவர்க்காரம் விற்றதற்குக்
கம்பெனி கொடுத்த பரிசு
ஆறு நாள் ஆஸ்திரேலியா.
திரும்பி வரும்போது ஒரே ஒரு போத்தல்,
இரண்டு சேலைக்கும் ஒரு ஸ்வெட்டருக்கும் நடுவில்
பச்சைப் பிள்ளை மாதிரி படுத்து வந்தது.

பாடாங் செராயில் இன்று சனிக்கிழமை.
கூட்டுப் பணம் கட்ட வந்தவர்கள்
கட்டிவிட்டும் எழவில்லை.
செம்பனை லாரி கடக்கும்போதெல்லாம்
மேசைமேல் போத்தல் லேசாக நடுங்குகிறது.
"ஒடைக்கப் போறியா, படைக்கப் போறியா?"
என்கிறாள் பவளக்கொடி.

ஒயின் கிளாஸ் யாரிடம் இருக்கிறது இங்கே.
கோப்பி கிளாஸ் மூன்று,
தேவமலருக்கு எனாமல் மங்கு.
"ஊத்தினதும் குடிச்சிடக் கூடாது.
மொதல்ல வெளிச்சத்துல பாக்கணும்,
அப்புறம் சுத்தணும், அப்புறம் மோந்து பாக்கணும்."
டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கினோம்.
தேவமலருக்கு மங்கின் அடிதான் தெரிந்தது.

அங்கே தோட்டம் எப்படி என்கிறார்கள்.
தோட்டம் தோட்டம்தான்.
மேட்டிலிருந்து பள்ளத்துக்குக் கோடு கிழித்த மாதிரி கொடிகள்,
ஒவ்வொரு நிரையின் தலைமாட்டிலும் ஒரு ரோஜாச் செடி.
அழகுக்கு இல்லை,
நோய் வந்தால் ரோஜாவுக்கு முதலில் வருமாம்.
கூட வந்தவர்கள் ரோஜாவோடு படம் எடுத்துக்கொண்டார்கள்.
நான் கேட்டது ஒன்றுதான்:
ஒரு ஆளுக்கு எத்தனை நிரை?
சுற்றிக் காட்டிய ஹெல்காவுக்குக் கேள்வி புரியவில்லை.
புரிந்த பிறகு, இப்போது மிஷின் என்றாள்.
நிரை எண்ணுகிற கண்ணை
வீட்டில் விட்டுவிட்டுப் போக முடியவில்லை.

பீப்பாய் அடுக்கிய கொட்டகைக்குள் குளிர்.
வரிசையாக ஆறு கிளாஸ், பக்கத்தில் ஒரு வாளி.
வாயில் வைத்துக் கன்னத்தில் உருட்டித்
துப்பிவிடலாம் என்றாள்.
"காசு குடுத்து வாங்கியா!"
பவளக்கொடிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

எனக்கு அங்கே சிரிப்பு வரவில்லை.
அப்பா துப்பியதே இல்லை.
சம்பளம் போட்ட அன்று
தட்டைப் போத்தலில் வரும் சம்சு.
சொட்டு சிந்தினாலும் விரலால் ஒற்றி நக்குவார்.
கடைசி வாரம் கூலிம் ஆஸ்பத்திரியில் துப்பியதை
ஒயின் நிறம் என்று சொல்லலாம்.
சொல்ல மாட்டேன்.

வாளியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர்
துப்பினார், துடைத்தார், அடுத்ததை எடுத்தார்.
இருமல் மருந்தைவிடச் சாதாரணமாக.

ஐந்தாவது கிளாஸ்.
வெள்ளை ஒயின், பதினைந்து வருஷம் பழசு.
யாருக்காவது என்ன வாசம் வருகிறது?
எலுமிச்சை என்றார் ஜொகூர்க்காரர்.
தேன் என்றாள் அவர் மனைவி.
மண்ணெண்ணெய் என்றேன் நான்.
ஜொகூர்க்காரர் காலைத் தரையில் தேய்த்தார்.
ஹெல்கா கை தட்டினாள்.
நல்ல பழைய வெள்ளைக்கு அது வருமாம்,
தெரிந்தவர்கள் அதற்கென்றே விலை கொடுப்பார்களாம்.
லயத்தில் அதை அடுப்புக்கு ஊற்றினோம்,
விளக்குக்கு ஊற்றினோம்,
கறையான் பிடித்த கட்டில் காலுக்கு ஊற்றினோம்.
படித்து வாங்கிய மூக்கு இல்லை இது.

அந்த ஒயின்தான் இது. மோந்து பாருங்கள்.

தேவமலர் மைலோ டின்னில் துப்பினாள்,
ஹெல்கா பார்த்தால் மெச்சியிருப்பாள்.
நேசமணி "வினிகர்" என்று முகத்தைச் சுளித்தாள்.
பவளக்கொடி விழுங்கினாள்.
முழு கிளாசையும், நின்றபடி,
கண்ணை மூடாமல்.

பிறகு என் அஞ்சறைப் பெட்டியைத் தானே திறந்து
இரண்டு கிராம்பு எடுத்து மென்றாள்.
உள்ளங்கையில் ஊதி மோந்து பார்த்தாள்,
அவள் கணவன் தினமும் கேட்டுக்கு வெளியே நின்று
செய்வதைப் போலவே.

"வாசம் தெரியாதுல்ல?"
"தெரியும்" என்றேன்.
"தெரியட்டும்" என்று
செருப்பை மாட்டினாள்.