மைனஸ் முப்பத்தொன்று

பொத்தானை அழுத்தினேன்.
முணுமுணுத்தே பழகிய ப்ரியஸ்
லாரி போல இரைந்தது.
குனிந்து பார்த்த லுவ்சான் சொன்னான்:
"அறுத்துப் போய்விட்டார்கள். இரண்டு நிமிட வேலை."

தகர டப்பாதானே என்றேன்.
பட்டறை மூலையில் கிடந்த
பழையது ஒன்றைப் பிளந்து காட்டினான்.
உள்ளே பீங்கான்,
ஊசி நுழையும் ஆயிரம் சதுரக் கண்கள்,
கண்களின் சுவரெங்கும் பூச்சு:
பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம்.
மூன்றையும் வழித்தெடுத்தாலும்
என் கல்யாண மோதிர எடை தேறாதாம்.

கார்பன் மோனாக்சைடுக்கு
இன்னோர் ஆக்சிஜனைக் கட்டிவைக்கும்.
நைட்ரஜனோடு ஒட்டிய ஆக்சிஜனை
அத்துவிடும்.
ஆயிரம் கல்யாணம் முடித்தும்
தரகர் தனிக்கட்டை.

சூடேறினால்தான் வேலை.
இருநூற்றைம்பது டிகிரியாவது வேண்டும்.
உலான்பாத்தரில் ஜனவரி;
இருந்தபோதும்
முதல் சில தெருக்கள் அது தூங்கியபடியேதான் வந்திருக்கும்.

புதிதுக்கு என் இரண்டு மாதச் சம்பாத்தியம்.
ஒரு குழாயை வைத்துப் பற்றவைத்துத் தந்தான் லுவ்சான்.
வண்டி ஓடும், என்றான்.

குன்றுச் சரிவில் கூடாரங்களின் கரிப்புகை
இன்னும் இறங்கவில்லை.
முதல் சவாரி,
இருமும் குழந்தையோடு ஒருத்தி,
மருத்துவமனைக்கு.

மன்னிப்புக் கேட்டேன்,
சத்தத்துக்கு.
சத்தத்துக்கு மட்டும்.