பிரேக்

தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான்:
பகலெல்லாம் என் வலது காலடியில் கிடப்பதும்
வெள்ளி இரவுகளில் என் வலது கையிலிருந்து கிளம்புவதும்.
ஒன்றை மிதித்தால் நாற்பது பேர் நிற்கிறார்கள்.
மற்றதை அடித்தால்
ஒன்பது பந்துகள் ஓட வேண்டும்.

ஓடவில்லை.
ஆறு மாதம் கூடத்துக் குச்சியால்தான் உடைத்தேன்.
அதன் நுனித்தோல் காளானாய்ப் பிதுங்கியிருந்தது.
பந்துகள் கொத்தாக ஒரு சாண் நகர்ந்து
அங்கேயே நின்றுவிடும்,
ஏறியதும் கதவருகில் கம்பியைப் பிடித்துக்கொள்ளும்
என் பயணிகளைப் போல.
உள்ளே போங்க, உள்ளே இடமிருக்கு
என்று அவற்றிடம் எந்த மைக்கில் சொல்வது?

"மேசை கோணல்" என்றேன் எங் ஹுவாட்டிடம்.
ஆடத் தெரியாதவள் கூடத்தைப் பழித்த கதை
அவனுக்குத் தெரியாது.
எனக்குத் தெரியும். அன்றிரவே கைப்பேசியில் தேடினேன்.

இயூ டீ நிலையம்.
தடுப்புக் கதவுக்கு உள்ளே ஸுல்ஹில்மி, வெளியே நான்.
யாருக்கும் கட்டணம் வீணாகாமல்
கதவுக்கு மேலாகக் கைமாறியது கோல்.
அவன் தோளில் ஒரு துணிப்பை, அதில் பால்மாவு டின்.
ஏன் விற்கிறாய் என்று நான் கேட்கவில்லை.

ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தேன்.
தரையில் உருட்டினேன், பள்ளிப் பிள்ளைகள் தாண்டிப் போனார்கள்.
நுனியை நகத்தால் தட்டினேன்.
தோலானால் தொப்பென்றிருக்கும்.
இது டக்கென்றது, பல் மாதிரி.
பத்தொன்பது அவுன்ஸ், மூன்று துண்டு.
அடித்துண்டை மாட்டினால் உடைக்கும்,
கழற்றினால் தாவும்.

இரண்டுக்கும் ஒன்றென்றால் இரண்டிலும் அரைகுறை,
தனித்தனியாக வாங்கு என்றார்கள் கூடத்தில்.
தனித்தனியாக வாங்க முந்நூற்றைம்பது வெள்ளி.
என்னிடம் இருந்தது நூற்று நாற்பது.
இப்படித்தான் தேர்ந்தெடுத்தேன்.

உடைப்பது சீக்கிரம் வந்துவிட்டது.
முழு பலமும் வேண்டாம்,
முதல் பந்தின் நெற்றி நேராகக் கிடைத்தால் போதும்.
தாவல்தான் வரவில்லை.
வெள்ளைப் பந்தைத் தூக்கப் பார்த்தேன், அது தப்பு.
தூக்கக் கூடாது, கீழே அடிக்க வேண்டும்.
துணிக்கடியில் படுத்திருக்கிற கல்தான்
அதைத் திருப்பி மேலே அனுப்புகிறது.
பிடி தளர்ந்திருக்க வேண்டும்.
பத்து வருடம் ஸ்டீயரிங் பிடித்த கைக்கு
தளர்வது எப்படியென்று
பதினோரு வெள்ளிக்கிழமை சொல்லிக்கொடுத்தேன்.

பன்னிரண்டாவதில் ஆட்டம் வந்தது.
ஐந்துக்கும் எனக்கும் நடுவே எட்டு, குறுக்கே நின்ற லாரி.
நான்காம் மேசையானால் தாவ அனுமதியில்லை,
புதுத்துணி என்று சுவரில் ஒட்டியிருக்கும்.
நாங்கள் ஏழில் இருந்தோம்.
அடித்துண்டைத் திருகிக் கழற்றி நாற்காலியில் வைத்தேன்.
மூச்சு விட்டேன்.
டக்.
வெள்ளை எழும்பியது,
எட்டின் தலைமேல் காற்று நுழைய இடம் விட்டுக் கடந்தது,
ஐந்தைத் தொட்டது, ஐந்து மூலையில் விழுந்தது.
வெள்ளைக்கோ நிறுத்தம் தெரியவில்லை.
விளிம்பைத் தாண்டி, தரையில் இரண்டு முறை குதித்து
பானக் குளிர்பெட்டிக்கு அடியில் போய் ஒளிந்தது.

எங் ஹுவாட் கை தட்டினான்.
பிறகு "ஃபவுல்" என்றான்.
இரண்டையும் மனதாரத்தான்.

குப்புறப் படுத்து, அடித்துண்டை உள்ளே விட்டுத் துழாவினேன்.
பந்தோடு ஒரு ஐம்பது காசும்
யாருடையதோ சாக்குக்கட்டியும் வந்தன.

மறுநாள் கடைசி நடை முடிந்து
வழக்கம்போல் பேருந்தின் பின்வரிசைவரை நடந்தேன்.
ஒரு குடை. குழந்தையின் இடதுகால் செருப்பு.
எப்படித்தான் மறக்கிறார்களோ என்று
பதிவேட்டில் எழுதும்போதுதான் உறைத்தது.

கூடத்துக்குப் போன் செய்தேன்.
"ஃப்ரிட்ஜ் கீழே என்னவோ நீட்டிக்கிட்டிருக்கு,
நான் குனிய மாட்டேன், நீயே வா" என்றார் திருமதி கோ.
வெள்ளிக்கு இன்னும் ஆறு நாள்.
அதுவரை என் பையில் இருப்பது
தாவ மட்டுமே தெரிந்த மிச்சம்.