பதினாலுக்குப் பதில் பத்தொன்பது

போயா நாள். பிளற்றின் கீழ்த்தளத்தில்
ஜயக்கொடி ஐயா எழும்புமுன்
சன்னியை இரண்டு ஜக்கில் ஏற்றி
அதன் வயிற்றுக்குக் கீழே ஊர்ந்தேன்.
ஒயில் சிந்தினால் ஐயாயிரம் தண்டமென்று
லிஃப்டுக்குள் மூன்று மொழியில் ஒட்டியிருக்கிறார்.
தமிழில் மட்டும் அது ‘தொண்டம்’.
எதற்கும் இருக்கட்டுமென்று
கட்டிலுக்கடியில் கிடந்த பேப்பரையெல்லாம் விரித்து
அதன்மேல் மகனைக் குளிப்பாட்டிய பழைய பேசினை வைத்தேன்.

பதினாலாம் நம்பர் ஸ்பானர் என்றான் வீடியோக்காரன்.
நான் கண்ட போல்ட்டின் தலைக்குப் பதினாலு ஏறவேயில்லை.
பத்தொன்பது கச்சிதமாய் உட்கார்ந்தது.
கச்சிதமாய் உட்காருவதை யார் சந்தேகிப்பார்?

வந்தது
கறுப்பில்லை.
வெள்ளவத்தையில் பலூடாவுக்கு ஊற்றும்
ரோஸ் பாணியின் நிறம்.
அவசரமில்லாமல், இளஞ்சூடாய்,
முழங்கை வழியே அக்குள்வரை வந்துவிட்டது.
ஆறாயிரம் கிலோமீற்றர் ஓடியும் எவ்வளவு சுத்தம்,
எப்படி வைத்திருக்கிறேன் பார் என்று
கீழே கிடந்தபடியே என்னை மெச்சிக்கொண்டேன்.

பிறகு பொனற்றைத் திறந்து
பஞ்சிகாவத்தை நவுசரிடம் சில்லறை எண்ணிக் கொடுத்து வாங்கிய
நாலு லீற்றரையும் ஊற்றினேன்.
கடைசிச் சொட்டு விழும்வரை
கானைத் தலைகீழாய்ப் பிடித்திருந்தேன்.
“ஏன் இந்தமுறை நீங்களே?” என்று
இரவு துஷ்யந்தி கேட்டாள்தான்.
பொழுதுபோக்கு என்றேன்.

பத்து மணிக்கு அவளுக்கு ஆஸ்பத்திரி லாப்பில் டியூட்டி.
ஏறி இருந்தாள், ஸ்ரார்ட் பண்ணினாள், டி-யில் போட்டாள்.
உறுமல். தொண்டைவரை ஒயில் குடித்த எஞ்சின்
பின்னால் நீலமாய்ப் புகை விட்டது.
கார் அசையவில்லை. ஆர்-இலும் போட்டுப் பார்த்தாள்.
சில்லுக்குப் பக்கத்தில் நின்ற கரப்பான்கூட
விலகத் தேவையில்லாமல் நின்றது.

எனக்குப் பழக்கமான சத்தம்.
எட்டேகாலுக்குச் சப்பாத்து மினுக்கி
சோத்துப் பார்சலோடு படியிறங்கி
ரயில் பாதைக்கு அங்காலே கடற்பாறையில்
ஐந்து மணிவரை நானும் இப்படித்தான்.

“ஓவ் பண்ணுங்கோ” என்றேன்.
அவள் ஏற்கெனவே ஓவ் பண்ணிவிட்டாள்.

இறங்கி வந்து குனிந்தாள்.
நாள் முழுக்கக் குழாய்க் குழாயாய் இரத்தம் பார்ப்பவள்,
பேசினில் விரல் நுனியைத் தொட்டு
வெளிச்சத்துக்குப் பிடித்து, முகர்ந்து,
“இது கியர்பொக்ஸின்ர” என்றாள்.
நன்றாகத் தெரியட்டுமென்று
பேசினை ஒரு சாண் நகர்த்தினாள்.

ஒயில் ஊறிய பேப்பர் கண்ணாடித் தாளாகிவிடும்.
கீழிருப்பதெல்லாம் மேலே வரும்.
வேலைவாய்ப்புப் பக்கம்: கணக்காளர், துணைக் கணக்காளர்,
ஸ்ரோர் கீப்பர், வயது நாற்பதுக்குட்பட்டோர்.
என் நீலப் பேனாவின் வட்டங்கள்,
ஒரு ஞாயிற்றின் வட்டத்துக்குள்
போன ஞாயிற்றின் வட்டம்,
அதற்குள் இன்னொன்று.

“எவ்வளவு நாளா?”

காரைக் கேட்கவில்லையென்று தெரிந்தும்
காரைப் பார்த்துக்கொண்டு
“அஞ்சு கிழமை” என்றேன்.

அவள் போனை எடுத்தாள்.
வரப் பிந்துமென்று சிங்களத்தில் சொன்னாள்.
கார் பழுது என்றாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.

பஞ்சிகாவத்தை இனி நாளைக்குத்தான் திறக்கும்.
வெளியே வரவேண்டிய கறுப்பு
புதியதையும் கறுப்பாக்கிக்கொண்டு உள்ளேயே கிடக்கிறது.
மேலே ஜயக்கொடி ஐயாவின் கதவு திறந்து
செருப்புச் சத்தம் கேட்டது.

டியூட்டிச் சட்டையின் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி
“அந்தப் பக்கம் பிடியுங்கோ” என்றாள்.
லிஃப்ட் வேண்டாம் என்று கண்ணால் காட்டினாள்.
பேசினின் இரண்டு விளிம்பிலும் இரண்டு பேர்,
அவள் பின்பக்கமாய்ப் படியேற, நான் கீழிருந்து தாங்க,
மூன்றாம் மாடி மட்டும்
தளம்பாமல்
கொண்டுபோனோம்.